நாற்பத்து மூன்று சிவப்புக் கோடுகள்

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தேழு. உயரம் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. முப்பது வருஷம் கோயம்புத்தூர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். எந்த மோட்டார் சைக்கிளில் ஏறினாலும் அவர் கால் அந்தரத்தில் தொங்கும். மில்லில் அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

ஓய்வு பெற்ற மறுமாதம் கோகிலவாணியின் பட்டறை வாசலில் போய் நின்றார். கோகிலவாணிக்கு முப்பத்தாறு வயது. கையால் வண்டி கட்டுவதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“என்ன வேணுங்ணா?”

“என் முழங்கால் உசரத்துக்கு ஒரு வண்டி கட்டோணும், அம்மணி. அதுல முந்நூத்தம்பது சி.சி. இன்ஜினை வெக்கோணும்.”

“எதுக்குங்க?”

“கால் ஊனறதுக்குச் சின்ன வண்டி. சிரிச்சவனுக வாயை மூடறதுக்குப் பெரிய இன்ஜினு.”

கோகிலவாணி சிரிக்கவில்லை. அதுவே நாச்சிமுத்துவுக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

“நான் கட்டித் தர மாட்டேனுங்க. நீங்க கட்டுங்க. சொல்லித் தர்றேன்.”

அன்றிலிருந்து நாச்சிமுத்து சீடராகிவிட்டார். மகள் வயதுப் பெண்ணிடம் திட்டு வாங்கிக்கொண்டு வண்டிச் சட்டத்துக்குக் குழாய் வளைத்தார், அறுத்தார், பற்றவைத்தார். பழைய ஸ்கூட்டர் ஒன்றின் சின்னச் சக்கரங்கள் இரண்டைக் கண்டுபிடித்துப் பூட்டினார். காயலாங்கடையில் தூங்கிக்கொண்டிருந்த இன்ஜினை நான்கு மாதம் கழுவிக் குளிப்பாட்டி உயிர் கொடுத்தார்.

இன்ஜினைச் சட்டத்துக்குள் இறக்கிய நாளில் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். வண்டி கண்ணிலேயே படவில்லை. ஒரு இன்ஜினுக்குச் சக்கரம் முளைத்து நிற்பது போலிருந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“அம்மணி, இத்தாச்சோட்டுப் பெரிய இன்ஜினைத் தாங்கறதுக்கு இந்த வண்டியில எதுங்க ரொம்ப வலுவா இருக்கோணும்? சட்டமா? அச்சா? சங்கிலியா?”

“கட்டி முடிங்ணா. சொல்றேன்.”

அந்தப் பட்டறையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒரு நட்டை முழுசாக இறுக்கியதும், அதன் மேலிருந்து சட்டம் வரை நெயில் பாலீஷால் ஒரு சிவப்புக் கோடு இழுக்க வேண்டும். நட்டு பின்னால் இளகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இரண்டாவது வழக்கம், யார் கட்டிய வண்டியானாலும் முதலில் ஏறி ஓட்டுவது கோகிலவாணிதான்.

நாச்சிமுத்துவின் வண்டியில் நாற்பத்து மூன்று நட்டுகள். நாற்பத்திரண்டையும் இறுக்கிக் கோடு போட்டாயிற்று. கடைசியாக இருந்தது இன்ஜினைப் பின்பக்கம் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் நட்டு. ஆசையில் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினார். கையிலிருந்த ஸ்பானர் சட்டென்று இலேசாகிப்போனது. சட்டத்தோடு பற்றவைத்திருந்த போல்ட்டில் மரை தேய்ந்துவிட்டது. நட்டு எந்தப் பிடிப்புமில்லாமல் சும்மா சுற்றியது.

சரி செய்ய வேண்டுமென்றால் இன்ஜினை மறுபடி இறக்கி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஐந்து நாள் வேலை. மில் கூட்டாளிகள் நான்கு பேரை மறுநாள் காலையில் வண்டி பார்க்க வரச்சொல்லி அவர் தம்பட்டம் அடித்திருந்தார்.

பட்டறையில் யாருமில்லை. நாச்சிமுத்து நெயில் பாலீஷை எடுத்தார். நாற்பத்து மூன்றாவது கோட்டையும் போட்டார். மற்றதைவிட அது கொஞ்சம் அழகாகவே விழுந்தது.

மறுநாள் நால்வரும் வந்தார்கள். பட்டறைக்குப் பின்னாலிருந்த சிமெண்ட் மைதானத்தில் வண்டி நின்றது. கோகிலவாணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தார்.

“எல்லாம் இறுக்கியாச்சுங்களாண்ணா?”

“இறுக்கியாச்சுங்க.”

கோகிலவாணி குனிந்துகூடப் பார்க்கவில்லை. கிக்கரை உதைத்தார்.

அப்பா, அந்தச் சத்தம்! தகரக் கூரை நடுங்கியது. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. முழங்கால் உயரத்து வண்டிக்குள்ளிருந்து ஒரு லாரியின் தொண்டை உறுமியது. சிரித்த வாய்கள் நான்கும் திறந்தபடியே நின்றன. முப்பது வருஷமாக நாச்சிமுத்து காத்திருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

ஆனால் அவரால் அந்த முகங்களைப் பார்க்க முடியவில்லை. கண் அந்தக் கடைசிக் கோட்டிலேயே கிடந்தது. இந்த வேகத்தில் அந்த நட்டு விட்டால் இன்ஜின் நகரும், சங்கிலி சிக்கும், பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஏறியிருப்பவரைத் தூக்கி அடித்துவிடும்.

கோகிலவாணியின் கால் கியரை அழுத்தியது.

நாச்சிமுத்து பாய்ந்து வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

“நிறுத்துங்க அம்மணி! நிறுத்துங்க!”

இன்ஜின் அடங்கியது.

“ஒரு கோடு பொய்யிங்க. பின்னால நட்டுல மரை போச்சு. நான்தான் மறைச்சுப் பூசிட்டேன்.”

“முப்பது வருஷ ஃபிட்டராமா!” என்றார் கூட்டாளி ஒருவர். மற்ற மூவரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவுக்குக் காது மடல் சுட்டது.

கோகிலவாணி இறங்கினார். திட்டுவார் என்று நாச்சிமுத்து காத்திருந்தார். அவரோ தின்னர் பாட்டிலையும் ஒரு பழந்துணியையும் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அழிக்க வேண்டியது ஒரே ஒரு கோடு. நாச்சிமுத்து சப்பணமிட்டு உட்கார்ந்து நாற்பத்து மூன்றையும் அழித்தார்.

ஆறாம் நாள் காலை. இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. புது மரை, புது நட்டு, புதுக் கோடுகள். கோகிலவாணி ஏறி உட்கார்ந்தார்.

“எல்லாம் இறுக்கியாச்சுங்களாண்ணா?”

நாச்சிமுத்து நாற்பத்து மூன்றையும் மனசுக்குள் ஒருமுறை தொட்டுவிட்டு வந்தார்.

“இறுக்கியாச்சுங்க.”

இன்றும் கோகிலவாணி குனியவில்லை. வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. மைதானத்தின் மறுகோடியில் புள்ளியாகி, திரும்பி, வளர்ந்து வந்தது. நாச்சிமுத்து கைகூப்பியபடி நின்றிருந்தார். எப்போது கூப்பினோம் என்று அவருக்கே தெரியாது.

ஐந்து சுற்று முடித்து கோகிலவாணி வண்டியை அவரிடம் கொடுத்தார். நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அம்மணி, அன்னைக்குக் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலீங்களே. எது வலுவா இருக்கோணும்?”

கோகிலவாணி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“அந்தக் கோடு பொய்யின்னு எனக்கு முன்னாலயே தெரியும்னு நெனச்சீங்களா?”

“தெரிஞ்சுதானுங்க ஏறியிருப்பீங்க. என்னைச் சோதிக்கறதுக்கு.”

“எனக்குத் தெரியாதுங்ணா.”

நாச்சிமுத்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு நட்டைக்கூடத் தொட்டுப் பாக்கலீங்களே! அப்பறம் எதை நம்பி ஏறுனீங்க?”

“இன்னைக்கு எதை நம்பி ஏறுனேனோ, அதைத்தானுங்ணா. நீங்க இறுக்கியாச்சுன்னு சொன்னீங்க.”