வண்டுகளின் தாய் வீடு

பயிர்களும் பூச்சிகளும் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், மக்காச்சோளத்தின் மணிகள் வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருந்தன. கதிரைச் சுற்றிய உறை பேருக்குத்தான்; பாதி திறந்தே கிடக்கும். அவள் மனசும் அப்படித்தான். யார் வந்து அழுதாலும் கூடச் சேர்ந்து அழுவாள்.

ஒருநாள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு வண்டு வந்தது. அப்போது வண்டுக்கு மூக்கு குட்டை.

"தலைப்பிரசவமுங்க. தாய் வீட்டுக்குப் போலாம்னா எனக்குத் தாய் இல்லீங்க" என்று அந்தக் குட்டை மூக்கைச் சிந்தியது.

"நான் இல்லையா கண்ணு? உள்ள வா" என்றாள் மக்காச்சோளம்.

வண்டு ஒரு மணிக்குள் படுத்துப் பெற்றது. பிள்ளைகள் அந்த மணியையே தின்று வளர்ந்தன. பெண்கள் புகுந்த வீடு போனார்கள். போன வேகத்தில் வயிற்றோடு திரும்பினார்கள். "அம்மாயி, எனக்கும் தலைப்பிரசவம்" என்றாள் ஒவ்வொரு பேத்தியும். ஒருத்தியைச் சேர்த்துவிட்டு இன்னொருத்தியை எப்படி விரட்டுவது? பிள்ளை பார்க்க வந்த மருமகன்களோ வந்தவர்கள் வந்தவர்கள்தான்.

விதைப்புக் காலம் வந்தது. காட்டுக்காரி சடைச்சி ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். வாயெல்லாம் மாவு. கூடவே ஒரு மருமகன்.

துப்பிவிட்டுச் சொன்னாள்: "உன்னை நம்பிக் காட்டை உழுது வெச்சிருக்கறேன். ஓட்டை விழாதது இந்த ஒரு கதிர்தான். இதுவும் போச்சுன்னா உன் வம்சம் இத்தோட சரி."

அந்தக் கதிரை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் போனாள். மக்காச்சோளத்துக்குக் கதி கலங்கிவிட்டது.

மறுநாளே ஒரு பேத்தி வண்டு வந்து, உறையின் இடுக்கில் மூக்கை நுழைத்தது.

"வேண்டாம் கண்ணு, போயிரு."

"வயித்துப்பிள்ளைக்காரியை வெளிய நிறுத்தறது பாவமுங்க, அம்மாயி."

மக்காச்சோளம் உறையின் ஓரத்தைப் பிடித்தபடி சொன்னாள்: "பாவந்தான். ஆனா எனக்கும் பிள்ளைக இருக்குது. உங்க பிரசவத்தைப் பார்த்துப் பார்த்தே, நான் பெத்ததை எல்லாம் தின்னக் கொடுத்துட்டனே."

அழுதுகொண்டே உறையை இழுத்து மூடினாள். மூடிய வேகத்தில் மணிகள் ஒன்றையொன்று நெருக்கி இறுகிப்போயின. இடுக்கில் வண்டின் மூக்கு மாட்டிக்கொண்டது. அப்போதும் அது, "ஒரு ஓரமாப் படுத்துக்கறேனுங்க" என்றது. பின்னாலிருந்து மருமகன்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். மூக்கு வரவில்லை, நீண்டது.

அன்று முதல்தான் நாட்டு மக்காச்சோளம் மணி இறுகி, நுனிவரை உறையை மூடிக்கொண்டு விளைகிறது. வண்டுகளோ நீண்ட மூக்கோடு, கதவு சாத்தத் தெரியாத மக்காச்சோளம் எங்கே இருக்கிறது என்று கிடங்கு கிடங்காக விசாரித்துத் திரிகின்றன.