தகரத்துக்கும் தாளுக்கும் நடுவே

கரட்டுக் காட்டின் ஓரத்தில், ஆள் போன பிறகு பூட்டாமல் கிடந்த ஒரு காவல் கொட்டகை. அதன் பரணில் வெடுக்கி என்ற மரநாய் குடியிருந்தாள்.

அந்தப் பரணை யாரும் அவளுக்குச் சும்மா கொடுக்கவில்லை. அங்கே இருந்த குரங்குகளிடம் பேசிப் பேசி, அவை சலித்துப்போய் இறங்கிய பிறகு பிடித்த இடம். எதிராளி வாயைத் திறப்பதற்குள் அடுத்த பேச்சைப் போட்டுவிடுவாள். மூச்சுவிட இடம் கொடுக்க மாட்டாள். குட்டியிலேயே தாயை இழந்து, பழக்கடைக் குப்பையில் நாய்களோடு பங்கு பேசி வளர்ந்தவள். இடம் விட்டால் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுதான் அவள் படித்த படிப்பு.

ஆனால் கூரை தகரம். மரநாய்க்குப் பகலில்தான் தூக்கம். வெயில் ஏறினால் பரண் அடுப்பாகிவிடும். அதனால் அவளோடு தங்க வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒரு கோடையில் வௌவால்கள் கிளம்பின. அடுத்த கோடையில் ஓர் அணில் குடும்பம். ஒவ்வொரு முறையும் "போங்களேன், எனக்கென்ன வந்தது" என்று கத்துவாள். போன பிறகு, அவர்கள் படுத்திருந்த சருகை மட்டும் கலைக்காமல் விட்டுவைப்பாள்.

அந்த மாசியில் சடையன் வந்து சேர்ந்தான். அவன் ஒரு தேவாங்கு. குடியிருந்த உசிலை மரம் வெட்டுப்பட்டு, போக்கிடம் இல்லாமல் வந்தவன். ஒரு வார்த்தை பேச அவனுக்கு அரை நாள் வேண்டும். வெடுக்கி கேள்வியும் கேட்டு, பதிலையும் தானே சொல்லி முடித்திருப்பாள். அப்போதுதான் அவன் உதடு பிரியும்.

ஆனாலும், இரை தேடிவிட்டு விடியும்போது அவள் திரும்பினால், பரணில் இரண்டு பெரிய கண்கள் விழித்திருந்தன. அவள் வந்து படுத்த பிறகுதான் அவன் தூங்கினான். அவளுக்காக யாரும் அப்படி விழித்திருந்ததில்லை. இந்தக் கோடையிலும் பரண் காலியானால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

சித்திரை பிறந்தது. கூளன் என்ற காகம் ஒரு சேதி கொண்டுவந்தது. மேட்டுப் பங்களாவில் தகரக் கூரைக்கு அடியில் வெள்ளித்தாள் கட்டியிருக்கிறார்களாம். உள்ளே குளுகுளுவென்று இருக்கிறதாம். மிச்சத் துண்டுகள் தன்னிடம் உண்டு என்றது காகம். தாளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம், கட்டும் விதத்தைச் சொல்ல இன்னொரு சீப்பு.

"விதத்துக்கு ஒரு சீப்பா? தாளை ஒட்டத் தெரியாத சிறுக்கியா நான்?"

"இல்லக்கா, நடுவில..."

"நடுவிலயும் இல்ல, ஓரத்திலயும் இல்ல. ஒரு சீப்பு. தாளை வை, நடையைக் கட்டு!"

காகத்துக்கு என்ன நட்டம்? தாளை வைத்தது, பழத்தைக் கொத்திக்கொண்டு பறந்தது. பாதி விலையில் முடித்த பெருமையில் வெடுக்கிக்கு வால் தரையில் நிற்கவில்லை.

ஓடைக் களிமண்ணைக் குழைத்து, தாளைத் தகரத்தோடு தகரமாக அமுக்கி ஒட்டினாள். விழுந்துவிடக் கூடாதென்று தாளின் மேலும் மண்ணை அப்பினாள். ஒரு விரல் இடம் வீணாகவில்லை. பளபளப்பும் துளி தெரியவில்லை. மேற்கு மூலையில் மட்டும் மண் பிடிக்காமல் தாள் தொய்ந்து தொங்கியது. அதை அவள் பார்க்காததுபோல் விட்டுவிட்டாள்.

மறுநாள் தகரம் சுட்டது, தாள் சுட்டது, மண் சுட்டது. பொழுது சாய்ந்த பிறகும் மண் சூட்டை விடவில்லை. காகத்தைத் தேடிப் போய் ஏமாற்றுக்காரப் பயலே என்று திட்டினாள். நீ வாங்கியதைத்தான் நான் விற்றேன் என்று சொல்லிவிட்டு அது இறகைக் கோதியது.

இப்படியே நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் மாலை சடையன் வாயைத் திறந்தான். "அக்கா... நாளைக்கு... ஓடைப் பக்கம்..."

"போறேங்கிற. போ. யாரு கையப் பிடிச்சா?"

சொல்லிவிட்டாள். பிறகு இரையும் இறங்கவில்லை.

விடியலில் திரும்பி வந்தாள். கண்கள் விழித்தேதான் இருந்தன. கடைசிப் பகல். நடுப்பகலில் முதுகு காந்தி அவள் எழுந்தபோது, சடையன் தன் இடத்தில் இல்லை. தாள் தொங்கிய அந்த மேற்கு மூலைக்குத் தன் சருகை இழுத்துப்போய், எச்சில் ஒழுகக் கை காலைப் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தான்.

நல்ல இடத்தை விட்டுவிட்டு, தான் சொதப்பிய மூலையில் போய்ப் படுத்து மானத்தை வாங்குகிறானே! கத்த வாயெடுத்தாள். வறண்ட தொண்டையில் சத்தம் வரவில்லை. அவன் கண் விழித்தான். முதல் தடவையாக அவள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"இங்க... தாளு தகரத்தத் தொடல அக்கா. சூடு... அங்கயே நின்னுடுது."

"இத முதல்லயே சொல்லக் கூடாதா?"

"தினம் சொல்லத்தான் ஆரம்பிக்கிறேன்... நீங்க முடிச்சுடுறீங்க."

வெடுக்கி அந்த இடைவெளியில் கையை விட்டாள். மேலே தகரம் கொதித்தது. நடுவே கூரையோர இறவாரக் காற்று ஓடியது. பளபளக்கும் முகத்தைத் திறந்து வைத்திருந்த தாள், இறங்கிய சூட்டைத் தனக்குள் வாங்காமல் மேலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நிழல் நிழலாகவே இருந்தது. அன்று காகம் 'நடுவில' என்று தொடங்கியது இதைத்தான்.

அவன் மறுபடி கண்ணயர்ந்தான். அவள் அந்த வேகாத வெயிலிலேயே மண் முழுவதையும் சுரண்டினாள். நகம் பிய்ந்தது. தாளைத் துடைத்து, கொடியால் கட்டி, தகரத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கவிட்டாள். பரணின் உயரம் ஒரு சாண் குறைந்தது. யாருக்கும் ஒரு விரல் விட்டுக்கொடுக்காதவள், தன் வீட்டிலேயே குனிந்து நடந்தாள்.

சாயங்காலம் சடையன் எழுந்தான். கிளம்பும் நேரம். அவன் ஓடைப் பக்கம் பார்த்தான். கூரையைப் பார்த்தான். வெடுக்கியின் நாக்கு நுனியில் ஆயிரம் பேச்சு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்று தாளை மெல்ல அசைத்தது. வெகு நேரம் போயிற்று.

"இப்பத்தான் அக்கா... இடம் தாராளமா இருக்கு."

சொல்லிவிட்டு, மேற்கு மூலையிலிருந்த தன் சருகை அவன் நடுப் பரணுக்கு இழுத்துப் போட்டான்.

நடுவே கொஞ்சம் இடம் விட்டால்தான் வீடும் குளிரும். அடுத்தவர் சொல்லி முடிக்க இடம் விட்டால்தான் அந்த வீட்டில் ஆளும் தங்கும்.