ராஜாவின் வெற்றிலையும் சோளக்காட்டுச் சுண்ணாம்பும்

முன்னொரு காலத்தில் செம்மேடு என்ற நாட்டை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் யார் அவன் காதைக் கடித்தார்களோ அவர்கள்தான் சாயங்காலம் வரை ஆண்டார்கள்.

அரண்மனைச் சோளக்காடு புளித்த மண்; பயிர் தலையெடுக்கவே இல்லை. மந்திரி தாண்டவராயர் தொழு எருவோடு கொஞ்சம் சுண்ணாம்பும் தூவச் சொன்னார். சோளம் ஆளுயரம் வளர்ந்தது. ராஜா மந்திரிக்குச் சால்வை போர்த்தினான். பண்ணை அதிகாரி ஆபத்சகாயருக்கு வயிறு எரிந்தது.

"கொஞ்சம் போட்டதற்கே இப்படியென்றால், வண்டி வண்டியாகப் போட்டால் எப்படி விளையும், மகாராஜா! மந்திரியார் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார்" என்றார். சுண்ணாம்பு சுடும் காளவாசல் தன் மச்சானுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"வேண்டாம் மகாராஜா, பயிருக்குச் சோகை பிடித்துவிடும்" என்று மந்திரி தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டது? எருவை நிறுத்திவிட்டுக் காடு முழுக்கச் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். அடுத்த வெள்ளாமையில் குருத்தெல்லாம் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது.

"எல்லாம் மந்திரியின் கரிநாக்கு!" என்றார் ஆபத்சகாயர்.

ராஜாவும் நம்பினான். "பொழுது சாய்வதற்குள் இந்த ஆளைக் கழுதைமேல் ஏற்றி நாட்டை விட்டே துரத்துங்கள்!"

தாண்டவராயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த முட்டாளிடமா இத்தனை வருஷம் உழைத்தோம் என்று நினைத்தார். ஆனாலும் கும்பிட்டார். "போகிறேன் மகாராஜா. ஒரே ஒரு ஆசை. இன்றைக்குத் தங்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் பாக்கியம் பண்ணை அதிகாரிக்குக் கிடைக்கட்டும்."

ராஜாவுக்கு வெற்றிலை என்றால் உயிர். "மடியுமய்யா!" என்றான்.

ஆபத்சகாயர் பூரித்துப்போய், நகநுனியில் சுண்ணாம்பு எடுத்துத் தடவினார்.

"இவ்வளவுதானா?" என்றார் மந்திரி. "நல்ல பொருள்தானே, அள்ளி வையும்."

"வாய் வெந்துபோகுமே ஐயா!"

"அடடே, அது தெரிகிறதா உமக்கு? ராஜாவின் வாய்க்கு அளவு வேண்டும், ராஜாவின் காட்டுக்கு வேண்டாமா? வெற்றிலை பாக்கு இல்லாமல் வெறும் சுண்ணாம்பைத் தின்பவன் உண்டா? எருவை நிறுத்திவிட்டு மண்ணுக்கு அதைத்தானே ஊட்டினீர்!"

சபை கொல்லென்று சிரித்தது. தன் புத்தியும் சேர்ந்து சிரிப்பாய்ச் சிரிப்பது ராஜாவுக்குப் புரிந்தது. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் ஆபத்சகாயர்மேல் பாய்ந்தான். "அள்ளி வையும்! நீரே மெல்லும்!"

மென்றார். வாயெல்லாம் பொத்துப்போனது.

கழுதை லாயத்துக்குத் திரும்பியது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். "காடு பிழைக்குமா?"

"பசுந்தழையும் தொழு எருவும் கொட்டி உழுதால் மெல்லத் தேறும், மகாராஜா. கூடை சுமக்கத்தான் ஆள் வேண்டும்."

"ஆபத்சகாயரே, சுமக்கிறீரா?"

முடியாது என்று சொல்லத்தான் பார்த்தார்; நாக்கு புரளவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ராஜாவுக்கு முன்னால் அந்தத் தலை அதுவரை ஆமாம் என்பதற்குத் தவிர ஆடியதே இல்லை. அதனால் சபை அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு, எருக்கூடையை அவர் தலையில் ஏற்றி அனுப்பியது.