சக்கரத்துக்கடியில் ஒரு பழைய எலுமிச்சம்பழம்

பொள்ளாச்சி கயிறு மில் முதலாளி நஞ்சப்பனிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. மில்லுக்கு லீவு விடும் ஞாயிறுதோறும் அதில் வால்பாறை போவதாகவும், எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கையே தொட்டதில்லை என்றும் ஆட்களிடம் அளப்பார்.

ஆயுத பூஜையன்று மில் ஷெட்டில் காருக்கு மாலை போட்டார்கள். முதலாளி ஏறி ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் உறுமியது, கார் நகரவில்லை. பின்சக்கரத்தில் பிரேக் பேட் இறுகிப் பிடித்திருந்தது.

மில் லாரி ஓட்டும் ஆறுச்சாமி மேல் முதலாளி பாய்ந்தார். "காலைல இருந்து சாவி உங்கிட்டத்தான இருந்துச்சு? என்ன பண்ணித் தொலைச்சேன்னு சொல்லு. இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்திருந்த ஆறுச்சாமியின் கையில் இன்னொரு பழம் தட்டுப்பட்டது. போன பூஜைக்கு வைத்தது. சுக்காகக் காய்ந்திருந்தது, ஆனால் நசுங்கவில்லை. ஒரு வருஷமாக இன்ஜின் நின்ற இடத்திலேயே உறுமியதோடு சரி; கார் ஓரடிகூட நகரவில்லை.

அதை முதலாளிக்கு மட்டும் காட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முதலாளிக்கு வியர்த்தது.

"யாரு மேலயும் தப்பில்லைங்க," என்றான் எல்லோருக்கும் கேட்க. "மொதலாளிதான் பிரேக்கைத் தொடவே மாட்டாருங்களே. தொடாமயே விட்டா, அது ஒட்டிக்காம என்னங்க பண்ணும்?"

ஆட்கள் ஆமாம் போட்டார்கள். முதலாளி இறங்கிக்கொள்ள, ஆறுச்சாமி ஏறி, கியரை மாற்றி மாற்றிக் காரை முன்னும் பின்னுமாக மெல்ல உந்தினான். டக்கென்று பிடி விட்டது. புதுப்பழம் நசுங்கியது.

முதலாளி ஜன்னலோரம் குனிந்தார். "ஞாயித்துக்கிழமை வால்பாறைக்கு நீயும் வா, ஆறுச்சாமி. எனக்கு வளைவுன்னா பயம்."

"வர்றனுங்க. பிரேக்கை நான் பாத்துக்கறேன், கதையை நீங்க பாத்துக்குங்க."