தோளோ, முழங்கையோ

சத்தியமாச் சொல்லுறன், இதில ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யெண்டால் வாற வின்ரர் முழுக்க என்ரை கார் ஸ்டார்ட் ஆகாமக் கிடக்கட்டும்.

"சாமி, நீங்களே சொல்லுங்கோ. தோளோ, முழங்கையோ?"

குகதாசன் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு பேஸ்மென்ட் சாமிக்கு முன்னால நிண்டான். ஸ்காபரோவில ஒரு வீட்டுக்குக் கீழ குடியிருக்கிற, சனம் வழக்குக் கொண்டுபோற சாமி. தாடி இல்லை. ஹீற்றர் பழுது, அதால ரெண்டு சுவெற்றர்.

விசயம் ஐஸ் ஹொக்கி. குகதாசன் நீலச் சட்டை ரீமின்ரை கட்சி. அவன்ரை கூட்டாளி நகுலேசு சிவப்புக் கட்சி. கனடாவுக்கு வந்த புதுசில ஒரே அறையில ஒரு போர்வைக்கு அடிபட்ட காலத்தில இருந்து, சனிக்கிழமை மட்ச் எண்டால் ரெண்டு பேருக்கும் ஒரு சோபாதான்.

போன மாரியில ஒரு மட்ச். நீலக்காரன் ஒருத்தன் சிவப்புப் பொடியனை மதிலோட சேத்து இடிச்சுப்போட்டான். பொடியனைத் தூக்கிக்கொண்டுதான் போனாங்கள்.

தோளாலதான் இடிச்சவன், சுத்தமான இடி எண்டான் குகதாசன். முழங்கையால, அதுவும் மூஞ்சையில, அது பிழை எண்டான் நகுலேசு. வாய் வளந்துது. நீலச் சட்டை வாங்கேக்க கண்ணையும் சேத்தே வாங்கினனியோ எண்டு நகுலேசு கேக்க, இவன் கதவைக் காட்டினான். நகுலேசு பாதித் தேத்தண்ணியை வச்சிட்டுப் போனவன்தான்.

அதுக்குப் பிறகு சனிக்கிழமை வருது. நகுலேசு வாறேல்லை.

போனில இருந்த அந்த இடி வீடியோவைச் சாமி பாக்கவேயில்லை.

"ஒரு பக்கம்தான் வந்திருக்கு. மற்றவர் எங்க?"

"அவன் வரமாட்டான் சாமி."

"அப்ப அவருக்காகவும் நீரே கதையும்."

சாமி ரெண்டு மடக்குக் கதிரையை எதிரும் புதிருமா விரிச்சார்.

தன்ரை கதிரையில இருந்து குகதாசன் கதைச்சது கொஞ்சம்தான். தோள், சுத்தம், முடிஞ்சுது.

பிறகு மற்றதில போய்க் குந்தினான். ஆரும் சொல்லாமலே கண்ணாடியைத் தூக்கி நெத்தியில விட்டான். நகுலேசு கதைக்கேக்க அப்பிடித்தான். "டேய் குகா, அவன்ரை முழங்கை முகட்டைத் தொட்டதடா" எண்டு தொடங்கினான் பாருங்கோ. பொடியன் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டதைச் சொன்னான். நீலச் சட்டைக்காரன் கொலை செய்தாலும் கைகுலுக்கினவன் எண்டுதான் நீ சொல்லுவாய் எண்டான். அந்த இருமல், அந்த இழுவை, ஒண்டும் குறையேல்லை. தேத்தண்ணிக்கு ரெண்டு சீனி எண்டும் சொன்னான். சாமி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார்.

திடீரெண்டு நிமிந்து பாத்தான். முன்னால தன்ரை வெறுங் கதிரை.

"சொல்லும், நகுலேசு" எண்டார் சாமி.

"கதவைக் காட்டினாய், சரி. பிறகு ஏன்ரா ஒருக்காலும் எனக்குப் போன் அடிக்கேல்லை?"

சாமி வெறுங் கதிரையைப் பாத்தார்.

"அதுக்கு இவர் என்ன சொல்லுறார்?"



குகதாசன் படியேறி வெளிய வந்தான். சப்பாத்துக் கயிறும் கட்டேல்லை. பனி கொட்டுது. போனில அந்த இடி நிப்பாட்டினபடியே கிடக்குது. அதை மூடினாத்தான் நம்பரைத் தேடலாம்.

மூடினான்.

அங்கால மணி அடிச்சுது. அடிச்சுக்கொண்டே இருந்துது.

நகுலேசு பதில் சொன்னவனோ எண்டு கேக்கிறியள். சொல்லுறன். முதல்ல எனக்கொரு பிளேன்ரீ, ரெண்டு சீனி. மட்டன் றோல்ஸும் ரெண்டு, சூடா.