உருண்டு ஓடிய ராவணன் மீசை

"எனக்குன்னு ஒரு மடம் எப்பம்மா?"

ஆவுடையப்பன் இதைக் கேட்காத நாளில்லை. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடராக வந்த நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்தால் ஞானம் சிந்திவிடும் என்று பயமோ என்னவோ!

குரு கோமதியம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. கடற்கரை மணல்மேட்டில் ஓர் ஓலைக் கொட்டகை, அதுதான் மடம்.

அங்கே ஒரு வழக்கம். தனி மடம் கேட்கும் சீடர் கையில் ஒரு ராவணன் மீசையைக் கொடுப்பார்கள். மணலில் படர்கிற முள்ளுப்புல் அது. கதிர் காய்ந்தால் பந்துபோல உதிர்ந்து காற்றில் உருண்டு ஓடும். அது எங்கே நிற்கிறதோ, அங்கே மடம்.

அன்று நல்ல தெற்குக் காற்று.

"இந்தாங்க. விட்டுட்டுப் பின்னாலயே போங்க" என்றார் கோமதியம்மா.

"கையெல்லாம் குத்துதேம்மா!"

"குத்தத்தான் செய்யும்."

ஆவுடையப்பன் மனசுக்குள் இடத்தை முடிவு செய்தே வைத்திருந்தார். வடக்கே ஒரு தென்னந்தோப்பு. நல்ல தண்ணீர்க் கிணறு. பக்கத்திலேயே பஸ் ஸ்டாப்.

தோப்புக்கு நேராகப் போய்ப் பந்து நின்றது.

"அப்படியே இரு ராசா!" என்று கும்பிட்டார்.

அடுத்த காற்றில் துள்ளி ஓடியது.

"ஏய், நில்லு!"

தாசில்தார் அதட்டல். முள்ளுக்கு என்ன தெரியும்? விரட்டினார். தோள்துண்டு பறந்தது. போனால் போகிறது! வலை காயப்போட்ட பெண்கள், "தாத்தா, விடாதீங்க!" என்று கத்தினார்கள். குனிந்து அமுக்கப் பார்த்தார். காலிடுக்கில் நழுவிப் போனது. குப்புற விழுந்தார்.

வாயிலிருந்த மணலைத் துப்பும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பின்னாலிருந்து இன்னும் நாலைந்து பந்துகள் உருண்டு வந்தன. இதில் தன்னுடையது எது? எல்லாவற்றோடும் ஓடினார். அம்மாடி, அந்த வயசில் அப்படியொரு சந்தோஷம்!

சாயங்காலம் அலையில் நனைந்த வேட்டியும் சிராய்த்த முழங்காலுமாக வந்து சேர்ந்தார்.

"எங்க நின்னுச்சு?" என்றார் கோமதியம்மா.

ஆவுடையப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாக்க மறந்துட்டேம்மா."

முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"நாளைக்கு இன்னொண்ணு தருவீங்களா?"

கோமதியம்மா எழுந்து, தான் உட்கார்ந்து உபதேசம் சொல்லும் பாயை உதறி, அவருக்கு விரித்துப் போட்டார்.