நிமிராத பூவரசன்

டாக்டர் வயிரவனுக்கு ஐம்பது வயது. பெரியவர்களுக்கு நெஞ்சு அறுவை செய்து இருபது வருஷம் பழகிய கை. குழந்தைகளின் குழிந்த நெஞ்சுக்குள் எஃகுக் கம்பி வைத்துத் தூக்கும் முறையைக் கற்றுக்கொள்ள, தன்னைவிட எட்டு வயது இளையவரான டாக்டர் ஜெபராஜிடம் வந்து சேர்ந்திருந்தார்.

அவர் முதன்முதலாகத் தன் கையால் கம்பி வைத்தது பூவரசனுக்கு. பதினான்கு வயசுப் பையன். ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்செலும்பு மேலே வந்திருந்தது. நசுங்கிக் கிடந்த இதயத்துக்கு இடம் கிடைத்திருந்தது. பையன் மட்டும் பழையபடி தோளைக் குறுக்கி, இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நிமிர்ந்து உட்காருப்பா." அன்று காலையில் அது ஐந்தாவது தடவை.

நிமிர்ந்தான். வயிரவன் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் சுருண்டுவிட்டான்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல சார்."

"பின்னே என்னதான்டா உனக்கு?"

பக்கத்தில் நின்ற அவன் அம்மாதான் சொன்னாள். "வீட்லயும் இப்படித்தான் சார். பள்ளிக்கூடத்துல 'கிண்ணம்'னு கூப்பிடுவாங்க. ஆறு வயசுக்கு அப்புறம் இவன சட்டையில்லாம நான்கூடப் பாத்ததில்ல."

"அதான் சரியாயிடுச்சேம்மா." வயிரவனுக்குப் பொறுமை போய்விட்டது. "சட்டையைக் கழற்று, தழும்பைப் பார்க்கணும்."

பையன் காலரை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அந்த நேரம் ஜெபராஜ் உள்ளே வந்தார். பின்னால் நான்கு மாணவர்கள், இரண்டு நர்சுகள்.

வயிரவன் படத்தை அவரிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க. நான் எங்கே தப்பு பண்ணினேன்?"

ஜெபராஜ் நிதானமாகப் பார்த்தார். "ஒரு தப்பும் இல்ல."

"அப்போ ஏன் நிமிர மாட்டேங்கிறான்?"

"உங்க சட்டையைக் கழற்றுங்க சார்."

"எதுக்கு?"

"கழற்றுங்களேன்."

மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வயிரவனின் கை சட்டையின் மேல் பொத்தானுக்குப் போய் அங்கேயே நின்றது. காது மடல் சூடாயிற்று.

"இத்தனை பேர் முன்னாலயா?"

"உங்க நெஞ்சுல குழி இல்லையே சார்."

வயிரவன் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். மாணவர்களையும் நர்சுகளையும் வெளியே போகச் சொன்னார். திரையை இழுத்துவிட்டார். ஸ்டூலை நகர்த்திப் பையனின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஜெபராஜ் வாசலைத் தாண்டுவதற்குள் கேட்டுவிட்டார்.

"இன்னும் எவ்வளவு நாள்தான் இப்படியே இருப்பான்?"

ஜெபராஜ் திரும்பினார்.

"எலும்பை நீங்க ஒன்றரை மணி நேரத்துல தூக்கிட்டீங்க. அவன் எட்டு வருஷம் குனிஞ்சிருக்கான் சார்."